வாசகர் கேள்வி: கூத்துக் களரியில் 135 மி.மீ. லென்ஸ்

கேள்வி: இரவில் வடமோடிக் கூத்தை (எங்கள் பக்க நாட்டுக்கூத்து வகை) 135 மி.மீ. எஃப்/2 லென்ஸால் எடுக்கிறேன். கூத்தரின் கிரீடத்திலுள்ள கண்ணாடிச் சில்லு துல்லியமாக விழுகிறது, கண் மங்குகிறது. லென்ஸ் பழுதா?
(வாசகர், மட்டக்களப்பு)

பதில்: பெரும்பாலும் இல்லை. ஃபுல் ஃபிரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்) கமராவில், 3 மீட்டர் தூரத்தில், லென்ஸ் துளையை எஃப்/2 இல் அகலத் திறந்தால் கூர்மையாக விழும் ஆழம் சுமார் 6 சென்ரிமீட்டர்தான். மினுங்கும் கிரீடத்தை ஃபோகஸ் பிடித்துக்கொண்டால் கண் தப்பிவிடும். 5 மீட்டருக்குப் பின்வாங்கி துளையைச் சற்றுச் சுருக்கி எஃப்/2.8 வையுங்கள், ஆழம் ஏறக்குறைய 23 சென்ரிமீட்டராகும். தொடர் ஃபோகஸில் (அசையும் ஆளைப் பின்தொடரும் ஃபோகஸ்) ஒற்றை ஃபோகஸ் புள்ளியைக் கண்மேலேயே வையுங்கள். ஃபோகஸ் பண்ணிவிட்டுக் கமராவைத் திருப்பினால், அதற்குள் கூத்தர் ஓரடி ஆடியிருப்பார்!

ஷட்டர் 1/500 செக்கன். வேகத்தை அதைவிடக் குறைத்தால் சதங்கைக் கால் இழுபடும். ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 6400 போனாலும் பயமில்லை. அதனால் படத்தில் வரும் புள்ளிப்புள்ளியான இரைச்சலைப் பிறகு குறைக்கலாம், அசைந்த முகத்தைத் திருத்தேலாது. நின்றபடி மத்தளம் அடிக்கும் அண்ணாவியாரை (கூத்தைப் பழக்கி நடத்துபவர்) மட்டும் எஃப்/2 இலேயே எடுங்கள்.