அடுத்த அப்பாயின்ட்மென்ட் பில்லில்தான் இருக்கிறது: மனநல பில்லிங் கேள்வி பதில்

பதினான்கு வருடமாக பெங்களூரில் உட்கார்ந்து அமெரிக்க மனநல கிளினிக்குகளுக்கு பில்லிங் பார்க்கிறேன். சார்ஜ் என்ட்ரியில் (சிகிச்சைக் கட்டணத்தைப் பதிவு செய்வது) ஆரம்பித்து ஏ.ஆர். காலிங் (வராத பணத்தை இன்ஷூரன்ஸிடம் போனில் கேட்பது), டினையல் (இன்ஷூரன்ஸ் மறுத்த பில்களைச் சரிசெய்வது) என்று வந்து, இப்போது புதியவர்களுக்கு ட்ரெயினிங் கொடுக்கிறேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

மடிவாளாவிலிருந்து ஒரு தம்பி: அக்கா, சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. ஆர்த்தோ (எலும்பு சிகிச்சை) பில்கள் வரும் க்யூவிலிருந்து மனநல க்யூவுக்கு மாற்றிவிட்டார்கள். டீம் லீட் "இது உயிர் விஷயம், பார்த்துப் பண்ணு" என்கிறார். நாம் எண்களைத்தானே தட்டுகிறோம்? தற்கொலைத் தடுப்புக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம் இருக்கிறது தம்பி. மனநல வார்டிலிருந்து டிஸ்சார்ஜ் ஆன முதல் சில வாரங்களில்தான் ஆபத்து மிக அதிகம். அதனால்தான் அமெரிக்காவில் இன்ஷூரன்ஸ் திட்டங்களின் தரத்தை அளக்கும்போது, டிஸ்சார்ஜ் ஆனவர் 7 நாளுக்குள், 30 நாளுக்குள் மனநல சிகிச்சைக்குத் திரும்ப வந்தாரா என்று தனியாகக் கணக்கு எடுக்கிறார்கள். அந்த ஏழு நாளில் தட்டுத்தடுமாறி வந்து நிற்பவரிடம், ரிசப்ஷனில் "உங்கள் பாலிசி ஆக்டிவ்வாகக் காட்டவில்லை" என்றால்? மனம் உடைந்திருப்பவர் சண்டை போட மாட்டார், பேசாமல் திரும்பிப் போய்விடுவார். முந்தின நாளே நீ எலிஜிபிலிட்டி, அதாவது பாலிசி செல்லுமா என்று பார்த்து வைத்திருந்தால் அந்தப் பேச்சே வராது.

சில வருடம் முன்பு என் க்யூவில் ஒரு டினையல் வந்தது. சி.ஓ. 197, அதாவது இன்ஷூரன்ஸின் முன் அனுமதி (ஆதரைசேஷன், சுருக்கமாக ஆத்) இல்லையாம். ஆனால் ஆத் இருந்தது. க்ளெய்ம் ஃபார்மின் 23வது கட்டத்தில் ஆத் எண்ணில் ஒரே ஒரு இலக்கம் விடுபட்டிருந்தது. அதற்குள் முழுத் தொகைக்கும் பேஷன்ட்டுக்கு ஸ்டேட்மென்ட் போய்விட்டது. அக்கவுன்ட் நோட்ஸில் ரிசப்ஷனிஸ்ட் ஒரு வரி எழுதியிருந்தார்: "கட்ட முடியாது என்கிறார், அடுத்த இரண்டு அப்பாயின்ட்மென்ட்டும் கேன்சல்." டயக்னோஸிஸ் வரியில் ஆர்45.851. தற்கொலை எண்ணம் இருக்கிறது என்பதற்கான கோட் அது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. உடனே கிளினிக்குக்கு போன் போட்டு, "பில் தப்பு, அவர் கட்ட வேண்டியது கோப்பே (பேஷன்ட்டின் பங்கு) மட்டும்தான், இப்போதே கூப்பிட்டுச் சொல்லுங்கள்" என்றேன். கரெக்டட் க்ளெய்மை அப்புறம்தான் அனுப்பினேன். அடுத்த மாத சார்ஜ் ஷீட்டில் அவர் பெயரைத் திரும்பப் பார்த்தபோது வந்த நிம்மதி இன்னும் நினைவிருக்கிறது.

மான்யதா டெக் பார்க், கோடர்: நெருக்கடியில் வந்தவருக்கு ஒரு மணி நேரம் தெரபி கொடுத்தால் பில்லில் 90837 கோட் போடுவதா, 90839 போடுவதா?

நோட்ஸில் ஆரம்பித்த நேரம், முடித்த நேரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வழக்கமான தெரபிக்கு 16 முதல் 37 நிமிடம் வரை 90832, 38 முதல் 52 வரை 90834, 53 நிமிடம் தொட்டுவிட்டால் 90837. 90839 வேறு கதை. அது நெருக்கடிக்கான கோட். உயிருக்கு ஆபத்தான நிலை, உடனடி மதிப்பீடு, ஆபத்தைத் தணிக்க என்ன செய்தார் என்பதெல்லாம் நோட்ஸில் இருக்க வேண்டும். குறைந்தது 30 நிமிடம், 74 வரை அது ஒன்றே போதும். அதற்கு மேல் போனால் 90840 கூடச் சேரும். ஒரே தெரபிஸ்ட், ஒரே நாளில் வழக்கமான தெரபி கோடையும் இதையும் சேர்த்துப் போடக் கூடாது. நோட்ஸில் இல்லாததை நீங்களாக ஏற்றவும் கூடாது. சந்தேகம் இருந்தால் தெரபிஸ்ட்டுக்கு க்வெரி அனுப்புங்கள்.

கூடவே ஒன்று. முக்கியமாக முதியோருக்கான அமெரிக்க அரசு இன்ஷூரன்ஸான மெடிகேரில் 2025 ஜனவரி 1 முதல் பாதுகாப்புத் திட்டம் தயாரிப்பதற்கென்றே ஜி0560 வந்திருக்கிறது, 20 நிமிடத்துக்கு ஒரு யூனிட். ஆபத்து நெருங்கும் அறிகுறிகள் என்ன, அப்போது தானாக என்ன செய்யலாம், யாரைக் கூப்பிடலாம், வீட்டுச் சூழலை எப்படிப் பாதுகாப்பாக்குவது என்று பேஷன்ட்டோடு உட்கார்ந்து எழுதும் வேலை இது. இதைச் செய்துவிட்டு பில்லில் காட்டாத டாக்டர்களை நானே பார்க்கிறேன். தயவுசெய்து நினைவூட்டுங்கள். அந்த இருபது நிமிடத்துக்குக் காசு வந்தால்தான் அடுத்தவருக்கும் இருபது நிமிடம் ஒதுக்குவார்கள்.

இந்திராநகர், கவுன்சலிங் படிக்கும் மாணவி: அங்கே பல தெரபிஸ்ட்டுகள் இன்ஷூரன்ஸே எடுப்பதில்லையாமே, ஏன்?

ரேட் குறைவு என்பது ஒரு காரணம். பணம் எப்போது வரும் என்று தெரியாதது இன்னொன்று. தனியாக ப்ராக்டிஸ் செய்பவர் பகலில் ஆறேழு பேரைப் பார்த்துவிட்டு, ராத்திரி இன்ஷூரன்ஸ் கம்பெனியின் ஹோல்டு மியூசிக்கைக் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா? 2024 பிப்ரவரியில் க்ளெய்ம்களை இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்குக் கொண்டு சேர்க்கும் மிகப் பெரிய க்ளியரிங்ஹவுஸ் ஒன்று சைபர் தாக்குதலில் முடங்கியபோது வாரக்கணக்கில் க்ளெய்ம்கள் நகரவில்லை. சின்ன கிளினிக்குகள் வாடகைக்கும் சம்பளத்துக்கும் திண்டாடின. ஒருவர் வெறுத்துப்போய் கேஷ் மட்டும் என்று மாறினால், கையில் காசில்லாதவருக்கு ஒரு கதவு மூடிவிடும்.

அல்சூர், டினையல் டீம்: பேயர் (இன்ஷூரன்ஸ் கம்பெனி) செஷன் நோட்ஸ் முழுவதும் கேட்கிறார். அனுப்பலாமா?

கூடாது. தெரபிஸ்ட் தன் சிந்தனைக்காகத் தனியாக எழுதி வைக்கும் குறிப்புகளுக்கு ஹிப்பா என்ற அமெரிக்க மருத்துவ ரகசியச் சட்டத்தில் விசேஷப் பாதுகாப்பு உண்டு. பேஷன்ட்டின் தனி அனுமதி இல்லாமல் பேயருக்குப் போகக் கூடாது. ப்ராக்ரஸ் நோட் போதும்: நேரம், டயக்னோஸிஸ், அறிகுறிகள், சிகிச்சைத் திட்டம். தன் ரகசியம் வெளியே போகிறது என்று தோன்றினால் பேஷன்ட் உண்மையைப் பேசுவதையே நிறுத்திவிடுவார்.

ஜீவனஹள்ளி, ஒரு அம்மா: என் பையனை மனநல சிகிச்சைக்கு அட்மிட் செய்யச் சொல்கிறார்கள். நம் ஊர் இன்ஷூரன்ஸ் கொடுக்குமா?

கேளுங்கள் அம்மா, தயங்காதீர்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21(4) பிரிவு, உடல் நோய்க்கு எப்படியோ அப்படியே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. 2018 மே 29 முதல் அமலில் இருக்கிறது. ஆனால் பல பாலிசிகள் அட்மிஷனுக்கு மட்டும்தான் கொடுக்கும். வெளிநோயாளியாகப் பார்க்கும் கவுன்சலிங்குக்கு ஓ.பி.டி. கவர் தனியாக வேண்டும். ப்ரீ-ஆத் கடிதம், டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்து பில் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்கிக் கம்பெனியிடமே முதலில் புகார் கொடுங்கள். அதற்கும் சரியான பதில் வராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம் பெங்களூரிலேயே இருக்கிறது. ஓசூர் ரோட்டில் நிமான்ஸ் அரசு மனநல மருத்துவமனை, அதையும் மனதில் வையுங்கள். நடுராத்திரியில் பேச யாராவது வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் டெலி-மானஸ் 14416, கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம்.

பெல்லந்தூர், பேஷன்ட் காலிங்: பில் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று "இனி நான் இருந்து என்ன பயன்" என்றார். நான் உறைந்துவிட்டேன். என்ன செய்திருக்க வேண்டும்?

உறைவது இயல்பு, அதற்காக உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். அந்த நிமிடமே பில்லை விடுங்கள். குரலைத் தாழ்த்தி நேராகக் கேளுங்கள்: "உயிரை விடும் எண்ணம் வருகிறதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. யாரோ கேட்டார்களே என்ற ஆறுதல்தான் வரும். போனை வைக்காதீர்கள். கையைத் தூக்கி சூப்பர்வைசரைக் கூப்பிடுங்கள். அமெரிக்காவில் தற்கொலை நெருக்கடி உதவிக்கான 988 எண்ணுக்கு யாரும் கூப்பிடலாம், மெசேஜும் அனுப்பலாம் என்று சொல்லுங்கள். இங்கிருந்து நாம் அமெரிக்க அவசர எண்ணான 911 அடித்தால் அங்கே போகாது. அதனால் ஒவ்வொரு கிளினிக்கின் ஆன்-கால் (அவசரத்துக்குக் கூப்பிடும்) எண்ணும் உங்கள் மேஜையில் ஒட்டியிருக்க வேண்டும். நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே சூப்பர்வைசர் அந்த எண்ணில் கிளினிக்காரர்களைப் பிடித்து, பேஷன்ட்டை நேரடியாக அவர்கள் கையில் ஒப்படைக்க வேண்டும். அப்புறம் வீட்டுக்குப் போகும் கேப் வரும்வரை தனியாக உட்காராதீர்கள், யாரிடமாவது பேசுங்கள். லாக் அவுட் செய்வதற்கு முன் அந்த அக்கவுன்ட்டில் ஹோல்டு போடுங்கள். இல்லாவிட்டால் சிஸ்டம் அதே ஸ்டேட்மென்ட்டை அவருக்குத் திரும்பவும் அனுப்பிவிடும்.