சித்திரை வெயிலில் பாதயாத்திரை: இடுப்பு வலி பற்றிய கேள்வி பதில்

பங்குனி உத்திரத்துக்குப் பழனி, சித்திரைத் தேருக்குச் சமயபுரம், சித்ரா பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை. வெயில் ஏறுகிற மாதங்களில்தான் நம் பக்கத்து ஜனங்கள் அதிகம் நடக்கிறார்கள். நடந்து திரும்பியவர்களும் கிளம்பப் போகிறவர்களும் கேட்டவற்றுக்கு, பிசியோதெரபி செய்பவள் என்ற முறையில் பதில் சொல்லியிருக்கிறேன். எல்லாவற்றையும் படிக்க நேரமில்லை என்றால் ஊசி, மாத்திரை பற்றிய பதிலை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

கேள்வி (மளிகைக் கடைக்காரர், புதுக்கோட்டை): நாள் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்தே இருக்கிறேன் அக்கா. போன சித்திரையில் சமயபுரம் நடந்தபோது கீரனூர் தாண்டியதுமே இடுப்பு இறுகிப் பிடித்துக்கொண்டது. நேர்த்திக்கடன், இந்த வருஷமும் நடந்தாகணும். வலி வராமல் இருக்க என்ன செய்யலாம்?

பதில்: அண்ணா, உங்கள் வலி தொடங்குவது கல்லாவில்தான். உட்கார்ந்தே இருக்கும்போது தொடையின் முன்பக்கத்திலிருந்து இடுப்பெலும்புக்குப் போகிற சதை மணிக்கணக்கில் சுருங்கியே கிடக்கிறது. நடக்கும்போது கால் பின்னால் போக வேண்டும் இல்லையா? அந்தச் சதை நீள மறுத்தால், கால் போகாத மிச்சத்தை இடுப்பு வளைந்து ஈடுகட்டும். ஆயிரக்கணக்கான அடிகளுக்கு இப்படியே போனால் முதுகின் அடிப்பகுதி இறுகத்தான் செய்யும். வெயில் இதைச் சீக்கிரப்படுத்துகிறது. உடம்பைக் குளிர்விக்க ரத்தத்தில் ஒரு பங்கு தோலுக்குத் திரும்பிவிடுவதால், மார்கழியில் பத்து கிலோமீட்டரில் வருகிற சோர்வு சித்திரையில் அதற்கு வெகு முன்னாலேயே வந்துவிடும். பிட்டத்துச் சதையும் வயிற்றுச் சதையும் களைத்த பிறகு உடம்பைத் தாங்குகிற வேலை முழுக்க இடுப்பு மூட்டுகள் தலையில் விழுகிறது.

ஆகவே ஆறு வாரம் முன்னாலேயே ஆரம்பியுங்கள். தினமும் அரை மணி நேரம் நடை. வாரத்தில் ஒரு நாள் மட்டும் நீண்ட நடை: முதலில் 5 கிலோமீட்டர், பிறகு 7, 9, 12 என்று ஏற்றிக்கொண்டே போங்கள். கிளம்புவதற்கு முந்தைய வாரம் பாதியாகக் குறைத்துவிடுங்கள். கடைசி இரண்டு வாரம் சில நடைகளையாவது காலை எட்டு, ஒன்பது மணி வெயிலில் வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு சூட்டுக்குப் பழக ஏறக்குறைய அவ்வளவு நாள் தேவைப்படும். வீட்டில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, பிட்டத்தைத் தூக்கி ஐந்து எண்ணும்வரை பிடித்து இறக்குங்கள். பத்துப் பத்தாக இரண்டு தடவை போதும். பிறகு ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, மற்றக் காலை முன்னால் மடக்கி வைத்து, இடுப்பை மெல்ல முன்னுக்குத் தள்ளி அரை நிமிடம் நில்லுங்கள். தொடை முன்பக்கம் இழுபடுவது தெரியும். இதுதான் உங்களுக்கு முக்கியமான பயிற்சி, ஒரு நாளும் விடாதீர்கள்.

வழியில் மணிக்கு ஒரு தடவை ஐந்து நிமிடம் நில்லுங்கள். வலி வந்த பிறகு நிற்பதில் பிரயோஜனம் குறைவு. நின்றதும் கைகளை இடுப்பில் வைத்து நாலைந்து முறை மெதுவாகப் பின்னால் வளையுங்கள். எட்டி நடை போடாமல், சின்ன அடியாக வைத்து நடங்கள்.

கேள்வி (ஆசிரியை, ஈரோடு): ஸ்கேனில் எல்4, எல்5 டிஸ்க் தேய்ந்து பிதுங்கியிருப்பதாக எழுதியிருக்கிறது. கால் வலி இல்லை, எப்போதாவது இடுப்பு மட்டும் வலிக்கும். கொடுமுடியிலிருந்து தீர்த்தக் காவடியோடு பழனிக்கு நடக்கலாமா, கூடாதா?

பதில்: டீச்சர், அந்தத் தாளைப் பார்த்துப் பயப்படாதீர்கள். டிஸ்க் என்பது முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருப்பது; எல்4, எல்5 என்பவை இடுப்புப் பகுதி எலும்புகள். 2015-இல் வெளிவந்த ஒரு பெரிய தொகுப்பாய்வில், வலியே இல்லாத 50 வயதுக்காரர்களில் 80 சதவீதம் பேருக்கு ஸ்கேனில் டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. 60 சதவீதம் பேருக்குப் பிதுக்கமும் இருந்தது. தலைமுடி நரைப்பதுபோல வயதோடு வருகிற மாற்றம் இது. நடை டிஸ்க்கைத் தேய்க்கும் என்ற பயத்தால் நடப்பதையே விட்டவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். ஆஸ்திரேலியாவில், இடுப்பு வலி வந்து குணமான 701 பேரை வைத்து நடந்த ஆய்வு 2024-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. சிறிது சிறிதாக நடையைக் கூட்டியவர்களுக்கு வலி திரும்பிவர நடுமட்டமாக 208 நாள் ஆனது. அப்படி எதுவும் செய்யாதவர்களுக்கு 112 நாள்தான். அவர்கள் இலக்காக வைத்தது வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேர நடை. அதை எட்டவே ஆறு மாதம் வரை கொடுத்தார்கள்.

உங்களுக்குக் கால் மரத்துப்போவதோ பலம் குறைவதோ இல்லை என்பதால், முறையாகப் பழகிவிட்டுப் போகலாம். முழுத் தூரமும் இந்த வருஷமே என்று பிடிவாதம் வேண்டாம். பாதித் தூரம் வண்டியில் வந்து மீதியை நடந்தாலும் முருகன் ஏற்றுக்கொள்வான்.

கேள்வி (திருவண்ணாமலைக்கு மாதாமாதம் போகிறவர், வேலூர்): கிரிவலம் முடிக்கும்போது இடது பக்க இடுப்பு மட்டும் கடுக்கிறது. வலது பக்கம் ஒன்றும் இல்லை. ஏன்?

பதில்: தார்ச்சாலை தட்டையாக இருக்காது. மழைநீர் வடிவதற்காக நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிந்திருக்கும். கிரிவலத்தில் இடது ஓரமாகவே 14 கிலோமீட்டரும் நடந்தால், அவ்வளவு தூரமும் இடது கால் வலது காலைவிடத் தாழ்ந்த இடத்தில் பதிகிறது. ஒரு கால் சற்றுக் குட்டையானவர் நடப்பதும் இதுவும் உடம்புக்கு ஒன்றுதான். இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே இருப்பதால் அந்தப் பக்கச் சதை பிடித்துக்கொள்ளும். நடைமேடை இருக்கிற இடங்களில் அதில் ஏறி நடங்கள். இல்லாத இடங்களில் ஓரச் சரிவை விட்டு, சமமான தரையாகப் பார்த்துக் கால் வையுங்கள். ஒரே தோளில் பை மாட்டும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். இவ்வளவு செய்தும் மூன்று மாதத்தில் மாறவில்லை என்றால் கால் நீளத்தை ஒருமுறை அளந்து பார்க்கலாம்.

கேள்வி (கல்லூரி மாணவர், தஞ்சாவூர்): செருப்பில்லாமல் நடக்கிறோம். மத்தியானத்தில் ரோடு சுட்டதும் இடுப்பு வலியும் கூடுகிறது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: உண்டு தம்பி. சுடும் தரையில் யாரும் குதிகாலைப் பதித்து நடப்பதில்லை. முன்பாதத்தில் தத்தித் தத்தி, தோளை இறுக்கிக்கொண்டு ஓடுவார்கள். கெண்டைக்காலும் முதுகும் விறைத்துப்போகும். காற்று 40 டிகிரி இருக்கும் மதியத்தில் தார் 60 டிகிரியைத் தொட்டுவிடும். காலை பத்து மணியோடு நிறுத்தி, மறுபடி நாலரை ஐந்துக்குக் கிளம்புங்கள். கூட்டம் முழுக்க இரவில் நடந்தால் இன்னும் நல்லது, பின்னால் வரும் வண்டிக்குத் தெரிகிற மாதிரி ஒளிரும் பட்டை கட்டிக்கொண்டு. உங்கள் கூட்டத்தில் சர்க்கரை நோயாளிகள் இருந்தால் அவர்களை வெறுங்காலோடு விடாதீர்கள். கால் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சூடு தெரியாமலே பாதம் வெந்துபோகும்.

கேள்வி (ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர், திண்டுக்கல்): வழியில் மருத்துவ முகாமில் இடுப்பு வலி என்றதும் ஒரு ஊசி போட்டார்கள், கேட்டாற்போல் நின்றது. எனக்கு பி.பி. மாத்திரை உண்டு. இந்த முறை நானே மாத்திரை வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: ஐயா, இதைப் பொறுமையாகப் படியுங்கள். இடுப்பு வலிக்கு வழக்கமாகக் கொடுப்பது டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை மருந்துகள். வீட்டில் நன்றாகத் தண்ணீர் குடித்துக்கொண்டு, மருத்துவர் சொல்லி இரண்டு நாள் போடுவது வேறு. வியர்த்து வற்றிப்போன உடம்பில் போடுவது வேறு. உடம்பில் நீர் குறையும்போது சிறுநீரகம் தனக்கு வரும் ரத்தக்குழாயைத் தானே விரித்து ரத்த ஓட்டத்தைக் காப்பாற்றிக்கொள்கிறது. இந்த மருந்துகள் அந்தக் காப்பைத்தான் தடுக்கின்றன. அதோடு டெல்மிசார்ட்டான், லோசார்ட்டான், எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற பி.பி. மாத்திரையும் நீர் மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரெனச் செயலிழக்கும் ஆபத்து நிஜமானது. டெல்மிசார்ட்டானும் நீர் மாத்திரையும் ஒன்றாகக் கலந்த மாத்திரையை நம் ஊரில் ஏராளமானோர் போடுகிறார்கள். அது இரண்டு மருந்து என்பதே பலருக்குத் தெரிவதில்லை.

உங்கள் மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு, கிளம்புவதற்கு முன் உங்கள் மருத்துவரிடம் போய் "வெயிலில் இத்தனை நாள் நடக்கப் போகிறேன்" என்று சொல்லிக் கேளுங்கள். பி.பி. மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். முகாமில் யார் ஊசி எடுத்தாலும், போடும் முன் பி.பி., சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, அல்சர் இருக்கிறதா என்பதை நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். கூட்டத்தில் அவர்களுக்குக் கேட்க நேரம் இருக்காது. வலிக்கு நிழல், தண்ணீர், அரை மணி ஓய்வுதான் முதலில். அதற்கும் அடங்காவிட்டால், கல்லீரல் கோளாறும் மதுப்பழக்கமும் இல்லாதவர்களுக்குப் பாராசிட்டமால் ஒன்று பரவாயில்லை. ஊசி போட்டு வலியை மறைத்துக்கொண்டு அடுத்த 20 கிலோமீட்டர் நடப்பதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கேள்வி (டூவீலர் மெக்கானிக், பெரம்பலூர்): இரண்டாம் நாள் சாயங்காலம் ஒரு பக்கம் விலாவுக்குக் கீழே பின்னால் பயங்கர வலி. உட்கார்ந்தாலும் படுத்தாலும் நிற்கவில்லை. வருகிறது, குறைகிறது, மறுபடி வருகிறது. நடந்த வலியா?

பதில்: தம்பி, இது நடந்த வலி மாதிரி தெரியவில்லை. சதைப்பிடிப்பு என்றால் ஏதாவது ஒரு நிலையில் கொஞ்சம் ஆறுதல் கிடைக்கும். எந்த நிலையிலும் நிற்காமல் அலைமோதி வந்து, அடிவயிறு, தொடை இடுக்குப் பக்கம் இறங்கினால் சிறுநீரகக் கல்லைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கோடையில் வியர்வையாக நீர் போய் சிறுநீர் கெட்டியாகிறபோது கல் சேர்வது அதிகம். சிறுநீர் சோதனையும் ஸ்கேனும் எடுத்துவிடுங்கள். காய்ச்சல், குளிர் நடுக்கம், சிறுநீரில் ரத்தம் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

கேள்வி (இல்லத்தரசி, காரைக்குடி): அப்பாவுக்கு 70 வயது. கொஞ்ச தூரம் நடந்தால் இரண்டு காலும் கனத்து இழுக்கிறது, இடுப்பு வலிக்கிறது என்கிறார். திண்ணையில் உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது. சைக்கிள் மட்டும் எவ்வளவு தூரமானாலும் ஓட்டுகிறார்! நடிக்கிறாரா என்றுகூடத் தோன்றுகிறது.

பதில்: நடிப்பு இல்லை அம்மா, அவர் சொல்வது அத்தனையும் உண்மை. வயதானவர்களுக்கு நரம்பு போகும் முதுகெலும்புக் குழாய் குறுகிவிடுவது உண்டு. நிமிர்ந்தால் அது இன்னும் குறுகும், குனிந்தால் சற்று விரியும். அதனால்தான் கைப்பிடி மேல் குனிந்து சைக்கிள் ஓட்ட முடிகிறது, நிமிர்ந்து நடக்க முடியவில்லை. கிரிவலம் போக ஆசைப்பட்டால் கைத்தடியை ஊன்றிச் சற்று முன்சாய்ந்து, உட்கார்ந்து உட்கார்ந்து போகட்டும். மேலே சொன்ன பின்வளைவுப் பயிற்சி அவருக்கு வேண்டவே வேண்டாம். எலும்பு மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். புகைப்பழக்கமோ சர்க்கரையோ இருந்தால் கால் ரத்தக்குழாயையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த அடைப்பாக இருந்தால் பெரும்பாலும் கெண்டைக்காலில் வலிக்கும், சும்மா நின்றாலே குறையும்.

கேள்வி (காவடிக் குழுப் பொறுப்பாளர், ஒட்டன்சத்திரம்): எல்லோருக்கும் இடுப்பு பெல்ட் வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். பெல்ட் போட்டால் வலி வராமல் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை, வெயிலில் வேர்க்குருதான் வரும். அந்தப் பணத்தில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வாங்குங்கள். ஒரு பொட்டலம், சரியாக ஒரு லிட்டர் தண்ணீர். கிடைக்காத இடத்தில் ஒரு லிட்டருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்புப் போட்ட நீர்மோரும் நீராகாரமும் அருமையானவை. வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து தலைசுற்றல், குழப்பம் வரும். இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் எவ்வளவு நீர், எவ்வளவு உப்பு என்று அவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

கேள்வி (தையல் தொழிலாளி, கரூர்): மடத்தில் தங்கும்போது இடுப்பு வலிக்கு ஐஸ் வைப்பதா, வெந்நீரா? என் நாத்தனார் முதுகில் ஏறி மிதிக்கச் சொல்கிறார்.

பதில்: இடுப்புப் பிடிப்புக்கு வெந்நீர் ஒத்தடம் நல்லது, வெயில் காலமானாலும் சரி. சாயங்காலம் உடம்பு ஆறிய பிறகு துணியை நனைத்துப் பிழிந்து கால் மணி நேரம் வையுங்கள். மிதிப்பது கூடவே கூடாது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு மெலிந்திருந்தால் முதுகெலும்பு நொறுங்கிவிடும். எண்ணெய் தேய்த்து உள்ளங்கையால் நீவிவிடலாம். மடத்தில் சப்பணமிட்டுக் கூன் போட்டு உட்காராமல், மல்லாந்து படுத்து கெண்டைக்கால்களைத் திண்ணை மேலோ மூட்டை மேலோ தூக்கி வைத்துப் பத்து நிமிடம் கிடந்து பாருங்கள். எழும்போது ஒருக்களித்து, கையை ஊன்றி எழுங்கள்.

கேள்வி (தனியார் நிறுவன ஊழியர், திருச்சி): திரும்பி வந்து எத்தனை நாள் படுத்தே இருக்க வேண்டும்?

பதில்: படுத்தே இருக்க வேண்டாம். புதிதாக உழைத்த சதை இரண்டு, மூன்று நாள் வலிக்கும். அந்த நாட்களிலும் வீட்டுக்குள் நடமாடுங்கள், மறுநாளே காலாற பத்து நிமிடம் நடங்கள். வலி நாளுக்கு நாள் குறைந்தால் கவலையில்லை. இரண்டு வாரமாகியும் குறையவில்லை, முழங்காலுக்குக் கீழே மின்சாரம் பாய்வதுபோல் இறங்குகிறது, இரவில் தூக்கத்திலிருந்து எழுப்புகிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர் கழிக்க முடியாமல் போவது, மலம் தன்னையறியாமல் போவது, சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்துப்போவது, இரண்டு காலும் பலம் இழப்பது, இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐ அழைத்து அந்த இரவிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.