‘பி’ டீமுக்குப் போன பெண்

அன்புள்ள அண்ணா,

என் மகளுக்குப் பதினான்கு வயது. ஏழு வயதிலிருந்து நெட்பால் ஆடியவள். இந்த வருஷம் ‘ஏ’ டீமிலிருந்து ‘பி’ டீமுக்கு மாற்றினார்கள். கொஞ்ச நாள் போனாள், அப்புறம் நின்றுவிட்டாள். கேட்டால் ‘டயர்டா இருக்கு’ என்கிறாள். கையில் எந்நேரமும் ஃபோன். நாங்கள் செருப்புகூட இல்லாமல் எண்ணெய் டின்னை ஸ்டம்பாக வைத்துத் தெருவில் ஆடினோம். இந்தப் பிள்ளைகளுக்கு ஏன் இந்தச் சோம்பல்? திட்டியும் பார்த்துவிட்டேன். என் மனைவியோ, நல்லதாகப் போயிற்று, படிக்கட்டும் என்கிறாள்.

வே., சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள வே.,

சோம்பேறிப் பெண் ஏழு வருஷம் ஆடியிருக்க மாட்டாள். காரணத்தை நீங்களே எழுதிவிட்டு, அதைத் தாண்டிப் போய் ஃபோன் மீது பழி போட்டிருக்கிறீர்கள்.

ஜான் நிக்கோல்ஸ் என்ற உளவியலாளர் பிள்ளைகளிடம் ஒன்றைக் கவனித்தார். சின்ன வயதில் அவர்களுக்கு முயற்சியும் திறமையும் வேறு வேறல்ல. அதிகம் பாடுபட்டவன்தான் கெட்டிக்காரன். பதினொன்று, பன்னிரண்டு வயதுவாக்கில்தான் இரண்டும் பிரிகின்றன. ‘அவளுக்குச் சும்மாவே வருகிறது, எனக்கு உயிரைக் கொடுத்தாலும் வரவில்லை’ என்று கணக்குப் போட அப்போதுதான் தெரியவருகிறது. அதற்குப் பிறகு முயற்சி செய்வதே ஆபத்து. பாடுபட்டும் தோற்றால் திறமை இல்லை என்பது ஊருக்கே தெரிந்துவிடும். பாடுபடாமல் இருந்துவிட்டால், சரியாக முயலவில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். உங்கள் மகளின் ‘டயர்டா இருக்கு’ அந்த ரகம் என்றே எனக்குப் படுகிறது.

இதில் நெட்பாலுக்கே உரிய வேதனை ஒன்றும் உண்டு. பந்து கைக்கு வந்தால் அதை வைத்துக்கொண்டு ஓட முடியாது, மூன்று வினாடிக்குள் கொடுத்தாக வேண்டும். யார் எங்கே வந்து நிற்பாள் என்று பார்க்காமலே தெரிந்திருந்தால்தான் ஆட்டம் நடக்கும். வருஷக்கணக்காக இவள் பாஸுக்காக அப்படி வந்து நின்ற சிநேகிதி இப்போது ‘ஏ’யில் இருப்பாள். டீம் மட்டுமா போயிற்று?

டெசி, ரயன் என்ற இரு உளவியலாளர்கள் சொல்வது இது: ஒருவர் ஒரு காரியத்தில் தானாக நிலைக்க வேண்டுமென்றால், என் இஷ்டத்தில் செய்கிறேன், எனக்கு இது வருகிறது, என்னைச் சேர்த்துக்கொள்கிறார்கள் என்ற மூன்றும் மனதில் இருக்க வேண்டும். பின்னிரண்டும் உங்கள் மகளுக்கு ஒரே அடியில் போய்விட்டன. மிச்சமிருந்த முதலாவதை நீங்கள் திட்டியே பிடுங்கிவிட்டீர்கள்.

சரி, உங்கள் எண்ணெய் டின்னுக்கு வருகிறேன். அந்த ஆட்டத்தில் யாரும் யாரையும் ‘பி’ டீமுக்கு அனுப்பவில்லையே. மட்டை வைத்திருந்தவன் முதலில் ஆடினான், அவ்வளவுதான். பெரியவர்களின் ஆட்டமும் ஏறக்குறைய அப்படித்தான். டர்பனில் நம் இந்தியர்கள் குடியிருந்த மேகசின் பாரக்ஸிலிருந்தும் கேட்டோ மேனரிலிருந்தும் நிறவெறி அரசு பெயர்த்தெடுத்து நம் ஆட்களைச் சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து போட்ட காலத்தில், வெள்ளையர் மைதானங்கள் நமக்கு இல்லை. கர்ரீஸ் ஃபவுண்டன் மைதானம் இருந்தது. மாமா கோல்கீப்பர், பெரியப்பா கிளப் செயலாளர், வேடிக்கை பார்க்கத் தெருவே வரும். 1928-ல் தொடங்கிய நம் கால்பந்து கிளப் மேனிங் ரேஞ்சர்ஸ், 1997-ல் நாட்டின் பிரீமியர் சாக்கர் லீக்கின் (பிஎஸ்எல்) முதல் பட்டத்தையே வாங்கியது. பையன் வீட்டில் இருக்க நினைத்தாலும் விடமாட்டார்கள். அதை மனவுறுதி என்று இப்போது நாம் சொல்லிக்கொள்கிறோம்.

அந்தத் தெருவில் உங்கள் அக்கா, தங்கை ஆடினார்களா? ஆயாவோடு அடுப்படியில்தானே இருந்தார்கள்? இன்றைக்கும் பெரிதாக மாறிவிடவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2016-ம் ஆண்டுக் கணக்குப்படி, 11 முதல் 17 வயதுவரை உள்ளவர்களில் நாளுக்கு ஒரு மணிநேர உடலசைவு இல்லாதவர்கள் பையன்களில் 78 சதவீதம், பெண்களில் 85 சதவீதம். குட்டைப் பாவாடையில் எல்லார் கண்முன்னும் ஆடுவது, மாதவிலக்கு நாட்கள், பயிற்சி முடிந்து இருட்டுவதற்குள் டாக்ஸி பிடித்து வீடு சேர்வது என்று பெண்ணுக்கு இருக்கும் தடைகள் எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை. அவளிடம் கேட்டீர்களா? கேட்டாலும் அப்பாவிடம் சொல்வாளா என்பது வேறு விஷயம். அம்மா கேட்கட்டும்.

படிப்பைப் பற்றி உங்கள் மனைவிக்கு ஒரு வார்த்தை. நம் டர்பன் பையன் சேனுரன் முத்துசாமி, 2019-ல் விசாகப்பட்டினத்தில் தன் முதல் டெஸ்ட் விக்கெட்டாக விராட் கோலியை எடுத்தவர். குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் பட்டமும் வாங்கியிருக்கிறார். மைதானத்தில் போகிற நேரம் பாடத்திலிருந்துதான் கழியும் என்றில்லை.

இனி என்ன செய்யலாம்? முதலில் கோச்சிடம் பேசுங்கள், சண்டைக்கு அல்ல. சியாட்டில் ஆய்வாளர்கள் சிறுவர் பேஸ்பால் கோச்சுகளில் சிலருக்கு, நல்ல முயற்சியைப் பாராட்டவும், தவறினால் திட்டாமல் தைரியம் சொல்லவும் பயிற்சி கொடுத்தார்கள். 1992-ல் வெளியான முடிவு: சாதாரண கோச்சுகளிடம் ஆடியவர்களில் 26 சதவீதம் பேர் அடுத்த வருஷம் திரும்பி வரவில்லை. பயிற்சி பெற்றவர்களிடம் ஆடியவர்களில் வராதவர்கள் 5 சதவீதம்தான். வெற்றி தோல்வியில் வித்தியாசமே இல்லை! ‘பி’ டீமில் உன்னால் இன்னது ஆகிறது என்று அந்த கோச் உங்கள் மகளிடம் ஒருமுறை சொன்னாலே போதும்.

அதற்கும் அவள் வரவில்லை என்றால் நெட்பாலை விட்டுவிடுங்கள். சனிக்கிழமைக் காலையில் நார்த் பீச்சில் பார்க்ரன் நடக்கிறது. ஐந்து கிலோமீட்டர், காசு கிடையாது, ஓடலாம், நடக்கலாம். யாரும் யாரையும் எந்த டீமிலும் போடுவதில்லை. அந்தச் சிநேகிதியையும் கூப்பிடச் சொல்லுங்கள். நீங்களும் போங்கள், ஆனால் ஒரு நூறடி பின்னால் நடங்கள்.