லிங்கோத்பவர் சிலையில் சிவனுக்கு ஏன் பாதம் இல்லை?

சிவன் கோயிலைச் சுற்றி வரும்போது கருவறையின் பின்சுவரில் ஒரு சிலை பார்த்தேன், பாதமே இல்லை, உடைந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். உடையவில்லை. சிற்பி வேண்டுமென்றேதான் அப்படி விட்டிருக்கிறார்.

அவர் லிங்கோத்பவர். நீங்களா நானா பெரியவர் என்று பிரம்மாவும் திருமாலும் வாதிட, நடுவே சிவன் ஒரு நெருப்புத் தூணாக எழுந்தார். அன்னமாகி முடியைத் தேடி மேலே பறந்தார் பிரம்மா. பன்றியாகி அடியைத் தேடி மண்ணைக் குடைந்தார் திருமால். இருவருக்கும் எட்டவில்லை. திருவண்ணாமலைத் தலபுராணம் இதுதான். பிரம்மா முடியைக் கண்டதாகத் தாழம்பூ பொய்சாட்சி சொன்ன கதையும் இதோடு சேர்ந்ததே.

சரி, அடிமுடி காணாத ஒன்றை ஓர் ஆள் உயரக் கல்லில் எப்படிக் காட்டுவது? இங்கேதான் நான் ஒவ்வொரு முறையும் அசந்து நிற்கிறேன். லிங்கத்தின் நடுவே நீள்வட்டமாக ஒரு பிளவு. அதற்குள் மானும் மழுவும் ஏந்திய சிவன். கால்கள் கீழே இறங்கி, பாதம் தெரிவதற்குள் கல்லுக்குள் மறைந்துவிடும். பல சிலைகளில் மகுடத்தின் உச்சியும் அப்படித்தான். செதுக்காமல் விட்ட இடம்தான் 'எல்லையில்லை' என்று சொல்கிறது.

காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலில், 8-ஆம் நூற்றாண்டுப் பல்லவர் வேலையிலேயே இந்த வடிவம் உண்டு. அடுத்த முறை உங்கள் ஊர் சிவன் கோயிலுக்குப் போனால் இந்தச் சிலையின் மேல் மூலையில் அன்னத்தையும், அடியில் தலைகீழாகக் குடையும் பன்றியையும் தேடிப் பாருங்கள். சிறியதாக இருக்கும், எண்ணெய்ப் பிசுக்கில் சட்டென்று தெரியாது.