ஏரி மாடல்களில் எந்த எண் எதை ஆட்டுகிறது? உணர்திறன் பகுப்பாய்வு: கேள்வி பதில்

ஆய்வு மாணவி: சார், ஏரியில் பாசி எப்படி வளரும் என்று கணிக்கும் என் கணினி மாடலில் 50 பாராமீட்டர்கள் (வளர்ச்சி வேகம், மூழ்கும் வேகம் போல நாம் கொடுக்கும் எண்கள்). எது விடையை அதிகம் மாற்றுகிறது என்று பார்க்கும் உணர்திறன் பகுப்பாய்வுக்காக, ஒவ்வொன்றையும் தனித்தனியாக 10 சதவீதம் கூட்டியும் குறைத்தும் ஓட்டிவிட்டேன். இது போதுமா?

போதாதும்மா. ஒன்றை அசைத்து மற்றவற்றைக் கட்டிப்போட்டால், நடுப்புள்ளியை ஒட்டிய சின்ன இடத்தை மட்டும்தான் பார்க்க முடியும். வெறும் 10 பாராமீட்டர் இருந்தாலே, நீங்கள் தொட்ட புள்ளிகள் அடங்கும் கோளத்தின் கன அளவு, அந்த எண்கள் எடுக்கக்கூடிய எல்லா மதிப்புகளும் சேர்ந்த மொத்த வெளியில் 0.25 சதவீதம்தான். உங்களிடம் 50 இருக்கிறது.

ஏரியில் எதுவும் தனியாக வேலை செய்வதும் இல்லை. பாசியைத் தின்னும் டாஃப்னியா என்ற நுண்ணிய நீருயிரி நிறைய மேய்ந்துகொண்டிருந்தால், பாசியின் வளர்ச்சி வேகத்தை ஏற்றினாலும் தண்ணீர் தெளிவாகவே இருக்கலாம். மேய்ச்சல் குறைந்தால் அதே ஏற்றம் ஏரியையே பச்சையாக்கிவிடும். இரண்டையும் சேர்த்து அசைத்தால்தான் இது கண்ணில் படும்.

எல்லாவற்றுக்கும் ஒரே 10 சதவீதம் என்பதும் சரியல்ல. பாசி மூழ்கும் வேகம் இனத்துக்கு இனம் பல மடங்கு மாறும். நன்றாக அளந்து தெரிந்த எண்ணுக்கும் அதற்கும் ஒரே வீச்சு கொடுக்கலாமா? வீச்சு தப்பானால் பின்னால் வரும் தரவரிசை முழுக்கத் தப்பு. அதனால் நான் அதிக நேரம் செலவிடச் சொல்வது இந்த வேலையில்தான்.

புரோகிராமர்: ஒரு ரன்னுக்கே, அதாவது மாடலை ஒருமுறை ஓட்டவே, பல நிமிடம் ஆகிறது. எல்லாப் பாராமீட்டர்களையும் சேர்த்து அசைத்து, விடையின் மாறுபாட்டில் ஒவ்வொன்றின் பங்கையும் கணக்கிடும் சோபோல் முறைக்கு எத்தனை ரன் வேண்டும்?

அடிப்படை மாதிரி 1,000 என்றால், 50 பாராமீட்டருக்கு 1,000 × (50 + 2) = 52,000 ரன். நேராக அதில் இறங்காதீர்கள். மாக்ஸ் மாரிஸ் 1991-இல் தந்த, முக்கியமில்லாதவற்றைச் சலித்து ஒதுக்கும் முறையில் 10 பாதைகள் (ஒரு பாதையில் ஒவ்வொரு பாராமீட்டரும் ஒருமுறை அசையும்) எடுத்தால் 10 × (50 + 1) = 510 ரன்னில் முடியும். அதில் விடையை அசைக்காதவற்றை நிலையாக வைத்துவிட்டு, மிஞ்சுவது பத்து என்றால் அவற்றுக்குச் சோபோல் போட 12,000 ரன் போதும். சோபோலில் ஒரு பாராமீட்டரை ஒதுக்குமுன் அதன் மொத்தக் குறியீட்டை (தனியாகவும் மற்றவற்றோடு சேர்ந்தும் உள்ள பங்கை) பாருங்கள். முதல்நிலைக் குறியீடு (தனியாக உள்ள பங்கு) சுழியாக இருந்தும் மற்றொன்றோடு சேர்ந்து ஆட்டம் காட்டுபவை உண்டு.

நீர்வளப் பொறியாளர்: எங்களிடம் அளவீடுகள் மிகக் குறைவு. பிறகு எதற்கு இந்தப் பகுப்பாய்வு?

அந்த நிலையில்தான் இது அதிகம் உதவும். மேற்கு ஆஸ்திரேலியாவின் பீல் உப்பங்கழியில் கிளாடோஃபோரா பாசி மண்டியது. சுற்றியிருந்த மணற்பாங்கான விளைநிலங்களில் போட்ட சூப்பர் பாஸ்பேட் உரம் கரைந்து வந்ததே பெரிய காரணம். 1980-இல் ஸ்பியர், ஹார்ன்பெர்கர் என்ற ஆய்வாளர்கள் அதற்கு ஒரு மாடல் கட்டினார்கள். தரவு போதவில்லை. அதனால் பாராமீட்டர்களைச் சீரற்ற முறையில் தேர்ந்து பல முறை ஓட்டி, பாசி மண்டிய ரன்கள் ஒரு பக்கம், மண்டாதவை மறு பக்கம் என்று பிரித்தார்கள். ஒரு பாராமீட்டரின் பரவல் இரண்டு பக்கத்திலும் ஒன்றாகவே இருந்தால், அது அந்தக் கேள்விக்கு முக்கியமில்லை. விலகி நின்றால், அடுத்து அளக்கவேண்டியது அதைத்தான். கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தை எந்த அளவீட்டில் போடுவது என்று இதைவிடத் தெளிவாகச் சொல்லும் வழி எனக்குத் தெரிந்து வேறில்லை.

ஆய்வு மாணவர்: ஆழமற்ற ஏரிகளுக்கான நெதர்லாந்தின் பிசிலேக் மாடலில் ஏரி தெளிவாக இருக்கிறது, இல்லையென்றால் கலங்கிவிடுகிறது. நடுவில் எதுவும் வருவதில்லை. எல்லா ரன்களின் விடைக்கும் சராசரி எடுக்கலாமா, அண்ணா?

வேண்டாம், தம்பி. அந்தச் சராசரியில் எந்த ஏரியும் இருக்காது. ஆழமற்ற ஏரிகளின் இயல்பே அப்படி. நீர்த்தாவரங்கள் தெளிவைக் காக்கும். கலங்கிவிட்டால் வண்டலைக் கிளறும் பிரீம் மீன்கள் கலங்கலைக் காக்கும். நெதர்லாந்தின் ஃபெலுவமீர் ஏரிக்கு 1979-இலேயே பாஸ்பரஸ் வரத்தைக் குறைத்தார்கள். ஆனால் 1990-களில், பிரீம் மீன்களைப் பிடித்துக் குறைத்த பிறகுதான், தண்ணீர் நன்றாகத் தெளிந்தது.

ஆகவே பாசியின் பச்சையத்தின் அளவை மாடலின் வெளியீடாக வைக்காமல், எந்தப் பாஸ்பரஸ் வரத்தில் ஏரி ஒரு நிலையிலிருந்து மற்றதற்குப் புரள்கிறதோ அதை வெளியீடாக வையுங்கள். கலங்குவதற்கு ஒரு வரம்பு, மீள்வதற்கு அதைவிடத் தாழ்ந்த இன்னொரு வரம்பு. இரண்டுக்கும் தனித்தனியாகப் பகுப்பாய்வு செய்யுங்கள். ஒன்றை ஆட்டும் பாராமீட்டர் மற்றதையும் ஆட்டும் என்று முன்கூட்டியே நம்பிவிட வேண்டாம்.

ஆசிரியை: பட்டியலில் முதலில் வரும் பாராமீட்டர்தான் உண்மையான ஏரியிலும் முக்கியமா?

மாடலில் முக்கியம், அவ்வளவுதான் மேடம். வண்டலிலிருந்து பாஸ்பரஸ் கசிவதை மாடலில் எழுதவே இல்லையென்றால், எத்தனை லட்சம் ரன் ஓட்டினாலும் அது பட்டியலில் வராது.

ஆய்வு மாணவி: ஆண்டுச் சராசரி பாசி அளவை வைத்துச் செய்யலாமா?

மாதவாரியாகச் செய்யுங்கள். வசந்தத்தில் ஒளியும் வெப்பமும் சார்ந்த பாராமீட்டர்கள் பட்டியலில் மேலே நிற்கும். கோடையில் அந்த இடத்துக்கு மேய்ச்சலும் ஊட்டச்சத்தும் வந்துவிடும். ஆண்டுச் சராசரியில் இந்த இடமாற்றம் மறைந்துபோகும்.