பிட்ச் பைனில் பிசின் வடிந்தால் மரத்தை வெட்ட வேண்டுமா?

கேள்வி: தெற்கு நியூ ஜெர்சியில் மணல் பூமி வாங்கி ப்ளூபெர்ரி வைத்திருக்கிறேன். வரப்போரமாகப் பிட்ச் பைன் என்ற ஊசியிலை மரங்கள் நாற்பது நெருக்கமாக நிற்கின்றன. இந்தக் கோடையில் சில மரங்களின் பட்டையில் பிசின் கட்டி கட்டியாக நிற்கிறது, இரண்டு மரம் முழுக்கச் சிவந்து காய்ந்தே போய்விட்டது. காய்ந்ததை வெட்டி எடுத்தால் போதுமா? அந்தக் கட்டையைக் கொட்டகை வேலைக்குப் பயன்படுத்தலாமா?

பதில்: காய்ந்த இரண்டையும் அப்படியே விடுங்கள், அவசரமே இல்லை. நீங்கள் இன்றைக்கே போய்ப் பார்க்க வேண்டியது அவற்றுக்குப் பக்கத்தில் பச்சையாக நிற்கிற மரங்களைத்தான்.

பிட்ச் பைன் பிசின் விடுவது நோய் இல்லை, அது தன்னைக் காத்துக்கொள்கிற வழி. கிளை ஒடிந்த இடத்திலோ வண்டி உரசின இடத்திலோ ஒழுகி இறுகியிருந்தால் கவலைப்படாதீர்கள். ஆனால் பட்டையின் வெடிப்புகளில், சோளப்பொரி அளவில், வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ பத்து இருபது கட்டிகள் இருந்தால் அது பட்டைக்குள் புகுந்து மரத்தைக் கொல்கிற தென்னக பைன் வண்டின் (Southern pine beetle) வேலை. ஒரு கட்டியை நகத்தால் பிட்டுப் பாருங்கள், நடுவில் சிறு துளை இருக்கும். உள்ளே அரிசி அளவுகூட இல்லாத கருப்பு வண்டு பிசினில் மாட்டிச் செத்துக் கிடந்தால், அந்த இடத்தில் ஜெயித்தது மரம். அப்புறம் உளியால் கொஞ்சம் பட்டையைப் பெயர்த்துப் பாருங்கள், அடியில் பாம்பு நெளிந்தது போல ஒன்றின்மேல் ஒன்று குறுக்கிட்டு ஓடும் தடங்கள் தெரிந்தால் அந்த மரத்தை இனிக் காப்பாற்ற முடியாது. வறட்சியில் வாடின மரம் பிசின்கூட விடாது, பட்டை இடுக்கில் செம்மண் நிறத் தூள் மட்டும் இருக்கும், அதையும் தேடுங்கள்.

ஊசியிலை சிவந்து முடிவதற்குள் வண்டு பெரும்பாலும் அடுத்த மரத்துக்குப் போயிருக்கும். காய்ந்த மரத்தின் பட்டை முழுக்கக் குண்டூசித் தலை அளவில் வட்ட ஓட்டைகள் இருந்தால் உள்ளே அது இல்லை என்று அர்த்தம், மாறாக அந்த வண்டைத் தின்கிற பூச்சிகள்தான் அங்கே தங்கியிருக்கும். பலர் காய்ந்ததை மட்டும் வெட்டிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள், அடுத்த மாதம் பக்கத்தில் ஐந்து மரம் போய்விடுகிறது, அதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை. உங்கள் மாநிலத்தில் 2010-ல் மட்டும் சுமார் 14,000 ஏக்கர் பைன் காட்டை இந்த வண்டு தாக்கியது. முன்பெல்லாம் கடுங்குளிர் இரவுகள் இதைக் கொன்றுவிடும், இப்போது அப்படிப்பட்ட இரவுகள் குறைந்துவிட்டன.

எனவே புதுக்கட்டியும் நெளிதடமும் உள்ள பச்சை மரங்களை உடனே சாய்த்து, பட்டையை உரித்து, அந்தப் பட்டையைச் சிறு சில்லுகளாக அரைத்துவிடுங்கள். புழு கடைசியில் வெளிப்பட்டைக்குள்தான் கூட்டுப்புழுவாகிறது, பட்டையைக் குவித்து வைத்தால் அங்கிருந்தே பறக்கும். வெட்டும் முன் மாநில வனத்துறையிடம் சொல்லுங்கள், நிலம் பைன்லேண்ட்ஸ் என்ற பாதுகாக்கப்பட்ட பைன் காட்டுப் பகுதியின் எல்லைக்குள் இருந்தால் அனுமதி வேண்டுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். மீதி மரங்களைக் குளிர்காலத்தில் இடையிடையே வெட்டிக் கலைத்து விடுங்கள், கிளையோடு கிளை உரசாத இடைவெளி வேண்டும். நெருக்கத்தில் நிற்கிற மரத்துக்குத் தண்ணீரும் வெயிலும் பற்றாமல் பிசினும் குறையும். கோடையில் தேவையில்லாமல் பச்சை மரத்தைக் காயப்படுத்தாதீர்கள், புது அடிக்கட்டையின் மணத்துக்கு இன்னொரு பெரிய கருவண்டு வந்து சேரும்.

கட்டை விஷயத்துக்கு வருவோம். பழைய தேவாலய பெஞ்சுகளுக்கு ஐரோப்பாவில் ‘பிட்ச் பைன்’ என்று சொல்லி வாங்கியது பெரும்பாலும் அமெரிக்கத் தெற்கிலிருந்து போன நீள்இலை பைன், உங்களிடம் இருப்பது அது அல்ல. உங்கள் மரம் கோணலாகவும் கணு நிறைந்தும் வளரும், நீள விட்டத்துக்கு ஏற்றதல்ல. வயிரம் மட்டும் பிசின் ஏறி எளிதில் உளுக்காது, அதனால்தான் அதைச் சுரங்க முட்டுக்கும் ரயில் தண்டவாளக் கட்டைக்கும் போட்டார்கள். வெளிக்கட்டை சீக்கிரம் மக்கும், வண்டோடு வந்த பூஞ்சணம் அதில் நீலமாகக் கோடிட்டிருக்கும், பலம் அதிகம் குறையாது, பார்க்க நன்றாக இருக்காது, அவ்வளவுதான். கொட்டகைக்குள் குட்டைச் சட்டம், தடுப்பு, தொழுவக் கட்டை என்று போடலாம்.

பலகையாக அறுத்தால் 70 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூளையில் உலர்த்தச் சொல்லுங்கள், அப்போதுதான் பிசின் உள்ளேயே இறுகும், இல்லாவிட்டால் வெயிலில் கணு கணுவாகக் கசிந்து பெயிண்டைக் கிளப்பும். ரம்பத்தில் ஒட்டினால் டர்பென்டைன் தொட்டுத் துடையுங்கள். அடிக்கட்டைக்குப் பக்கத்தில் நெய் நிறத்தில் கனமாக, வாசனை தூக்குகிற துண்டு கிடைத்தால் தனியாக எடுத்து வையுங்கள், ஈரத்திலும் பற்றும் அருமையான தீக்கட்டை, இரண்டு சீவல் போதும், ஆனால் புகைபோக்கி உள்ள அடுப்பில் அதையே முழு விறகாக எரிக்காதீர்கள், கரி படிந்துவிடும்.