காவல் நிலைய கேமரா பதிவைக் கேட்டு வாங்குவது எப்படி? கேள்வி பதில்

ஸ்டேஷன் சிசிடிவி, போலீசார் சட்டையில் மாட்டும் பாடி கேமரா இரண்டைப் பற்றியும் கேட்கலாம். உங்கள் வழக்கு ஜெயிக்குமா என்று மட்டும் கேட்காதீர்கள்.

கேள்வி: சார், போன வாரம் தம்பியை ஸ்டேஷனில் வைத்து அடித்துவிட்டார்கள். ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு) போட்டால் பதிவு கிடைக்குமா?

பதில்: போடலாம், ஆனால் அது இரண்டாவது வேலை. ஆர்டிஐக்குப் பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் பதிவே அழிந்துவிடலாம். டிவிஆரில் (கேமரா படத்தைப் பதிந்து வைக்கும் பெட்டி) ஹார்டு டிஸ்க் நிரம்பியதும் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறும். நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் பதியும் ஒரு கேமராவுக்கு நாளொன்றுக்கு 21.6 ஜிபி வேண்டும். 12 கேமரா என்றால் சுமார் 260 ஜிபி. 4 டிபி டிஸ்க் பதினைந்து நாள்தான் தாங்கும். பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020 டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் பதிவை வைத்திருக்கச் சொன்னது 18 மாதம். அவ்வளவு கொள்ளளவுள்ள கருவி சந்தையில் இல்லாவிட்டாலும் ஓராண்டுக்குக் குறையக்கூடாது. தீர்ப்பு அப்படி, பெட்டிக்குள் இருக்கும் டிஸ்க் இப்படி.

அதனால் இன்றே ஒரு கடிதம். எஸ்.பி. அல்லது கமிஷனருக்கு எழுதி, ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரிக்கும், ஸ்டேஷன் கேமராக்களைக் கவனிக்கும் மாவட்டக் கண்காணிப்புக் குழு என்று குறிப்பிட்டு ஆட்சியருக்கும் நகல் அனுப்புங்கள். ஸ்பீடு போஸ்டில், ஒப்புகையோடு. தேதி, நேரம், எந்த இடத்துக் கேமரா (வாசல், லாக்கப், வராண்டா, இன்ஸ்பெக்டர் அறை, பின்பக்கம்) என்று தனித்தனியாக எழுதுங்கள். டிவிஆர் கடிகாரம் பெரும்பாலும் முன்பின்னாக ஓடும், ஆகவே இரு பக்கமும் ஒரு மணி நேரம் கூட்டிக் கேளுங்கள். 'படத்தோடு ஒலியையும் அழிக்காமல் எடுத்து வைக்கவும்' என்ற வரி கட்டாயம். மனித உரிமை மீறப்பட்டவருக்குப் பதிவைப் பாதுகாத்து வைக்கச் சொல்லும் உரிமை உண்டு என்று ஸ்டேஷன் வாசலிலேயே அறிவிப்பு வைக்கச் சொன்னது அதே தீர்ப்பு.

தம்பி இன்னும் காவலில் இருந்தால் ஆர்டிஐ மனுவில் பிரிவு 7(1)-ஐக் குறிப்பிடுங்கள். உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவலுக்கு 48 மணி நேரம்தான்.

கேள்வி: எதற்குக் கேட்கிறீர்கள் என்று தகவல் அலுவலர் எழுதிக் கேட்கிறார்.

பதில்: பிரிவு 6(2). காரணம் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: ஹெல்மெட் போட்டிருந்தும் அபராதம். டிராபிக் போலீசின் பாடி கேமரா பதிவு வேண்டும்.

பதில்: சைனி தீர்ப்பு ஸ்டேஷனில் பொருத்திய கேமராவுக்குத்தான், பாடி கேமராவுக்கு அதைக் காட்ட முடியாது. ஆனால் மின்னணு வடிவில் இருக்கும் எதுவும் ஆர்டிஐயில் 'தகவல்'தான், பிரிவு 2(எஃப்). சலான் எண், இடம், நேரம் எழுதி, பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மனு. கூடவே பாடி கேமரா பதிவை எத்தனை நாள் வைக்கிறார்கள் என்ற உத்தரவின் நகலையும் கேளுங்கள். பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லும் கடிதம் இதற்கும் முதலில்.

கேள்வி: பக்கத்து வீட்டு சிசிடிவி எங்கள் வாசலைப் பார்க்கிறது...

பதில்: இங்கே இல்லை. சிவில் வக்கீலைப் பாருங்கள்.

கேள்வி: நான் வக்கீல். ஆர்டிஐ வீண் வேலை. பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 94-ல் மனு போட்டால் நீதிமன்றமே வரவழைக்கும். மக்களை ஏன் சுற்ற விடுகிறீர்கள்?

பதில்: வழக்கு இருந்தால் 94. எஃப்ஐஆரே போடாமல் இரவு முழுக்க உட்கார வைத்து அனுப்பிய ஆள் எந்த நீதிமன்றத்தில் 94 போடுவார்? எஃப்ஐஆர் இருந்தாலும், எதிர்வாதக் கட்டம் வரும்வரை குற்றம் சாட்டப்பட்டவர் இதைச் சாதாரணமாகக் கேட்க முடியாது என்று 'தேபேந்திரநாத் பாதி' என்பவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பைத்தான் அரசு வக்கீல் எடுத்துப் போடுவார்.

கேள்வி: (அதே வக்கீல்) உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாமே. ஆர்டிஐயில் 'விசாரணை நிலுவையில்' என்று 8(1)(எச்) ஒரு வரியில் மறுப்பார்கள்.

பதில்: மறுக்கட்டும். அந்த மறுப்புக் கடிதம்தான் உங்கள் ரிட் மனுவுக்கு இணைப்பு. விசாரணை நடக்கிறது என்பது மட்டும் போதாது, பதிவைத் தந்தால் அது எப்படித் தடைபடும் என்று காட்ட வேண்டும். டெல்லி உயர் நீதிமன்றம் 2007-ல் பகத் சிங் வழக்கில் சொன்னது இது. 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன்பின் 90 நாளுக்குள் தகவல் ஆணையம்.

கேள்வி: புகார் கொடுக்க வந்த பெண்களின் முகமும் அதில் தெரியுமே? நீங்கள் இரண்டு பேரும் அதைப் பேசவே இல்லை.

பதில்: நியாயமான கேள்வி. தனிப்பட்ட தகவல் என்ற 8(1)(ஜே) விலக்கு 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தால் இன்னும் இறுகிவிட்டது. பொதுநலன் பெரிதென்றால் தரலாம் என்ற 8(2) மிச்சம் இருக்கிறது. மனுவிலேயே 'மற்றவர்கள் முகத்தை மறைத்து, பிரிவு 10-ன்படி மீதியைத் தரவும்' என்று எழுதிவிட்டால் மறுக்கும் சாக்கு ஒன்று குறையும்.

கேள்வி: ஸ்டேஷனில் நடந்ததற்குப் பதிவு எப்படி வாங்குவது ஐயா?

பதில்: முதல் பதில். கடிதம் போட்டாச்சா?

கேள்வி: கேமரா ரிப்பேர் என்கிறார்கள்.

பதில்: எப்போதிலிருந்து, கண்காணிப்புக் குழுவுக்குத் தெரிவித்த கடிதம் எங்கே, பராமரிப்புக்குப் பணம் கொடுத்த பில் எங்கே? மூன்றையும் ஆர்டிஐயில் கேளுங்கள். கேமராவுக்கு ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியே பதில் சொல்ல வேண்டும். 2020-ல் சாத்தான்குளத்தில் 1 டிபி டிஸ்க் இருந்தும், தினமும் தானாக அழியும்படி அமைத்திருந்ததை விசாரணைக்குப் போன மாஜிஸ்திரேட் கண்டுபிடித்தார். எனவே டிவிஆர் அமைப்பு விவரத்தையும் கேட்கலாம்.

கேள்வி: நானே செல்போனில் எடுத்தால்?

பதில்: ஸ்டேஷன் அலுவல் ரகசியச் சட்டத்தின் 'தடைசெய்யப்பட்ட இடம்' அல்ல என்று 2022-ல் பம்பாய் உயர் நீதிமன்ற நாக்பூர் அமர்வு சொன்னது. தமிழ்நாட்டில் அதைக் காட்டி வாதாடலாம், ஆனால் இங்குள்ள நீதிமன்றத்தை அது கட்டுப்படுத்தாது.

கேள்வி: பென் டிரைவில் தந்துவிட்டார்கள். அப்படியே தாக்கல் செய்யலாமா?

பதில்: திறப்பதற்கு முன் ஹாஷ் மதிப்பு (கோப்பு மாறவில்லை என்று காட்டும் கைரேகை போன்ற எண்) எடுங்கள், எஸ்எச்ஏ256 முறை போதும். பிஎஸ்ஏ (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 63 சான்றில் அதை எழுத இடம் உண்டு. சான்றின் ஏ பகுதியில் கருவியைக் கையாண்டவர் கையெழுத்து, பி பகுதியில் நிபுணர் கையெழுத்து. எம்பி4 மட்டும் தந்திருந்தால் டிவிஆரின் மூல வடிவத்தையும் அதைப் பார்க்கும் பிளேயரையும் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஐயா, மூன்று மாதம் ஆகிவிட்டது, பதிவு இருக்குமா?

பதில்: கடிதம். இன்றைக்கே.